ஜெஸ்லின் வாசித்த பதினெட்டு வசனம்

தங்கபுஷ்பத்துக்கு முப்பத்தெட்டு வயது. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் பருப்பு, புளி, வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் தவசிமுத்துவின் மனைவி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் தூணை ஒட்டி உட்காருவாள். தூணாவது வெயில் காலத்தில் லேசாக வியர்க்கும், இவள் அதுகூடச் செய்யமாட்டாள் என்று நானே கேலி பேசியிருக்கிறேன். அப்படிப் பேசியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஞானசெல்வி. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. தங்கபுஷ்பத்தின் மகள் ஜெஸ்லினுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பைபிள் வசன மனப்பாடப் போட்டியில் முதல் பரிசு கொடுத்தவள் நான்தான். இந்த விஷயத்தில் தப்பு செய்தவர்களை வரிசையில் நிற்கவைத்தால், எனக்கு முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள்.

தெற்கேயிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் வசனம் படிக்கிற விதமே தனி. புத்தகத்தை யாரும் பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. அம்மா சமையலறையில் வேலையைப் பார்த்தபடி ஒரு வரி சொல்வாள், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும். நான் அப்படித்தான் கற்றேன். தங்கபுஷ்பமும் அப்படித்தான். கடைக்குப் போகிற பருப்பில் வீட்டுக்கென்று எடுத்துவைத்ததைக் கல் பொறுக்கும்போது அவள் சொல்லச் சொல்ல, ஜெஸ்லின் முறத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து திருப்பிச் சொல்வாள். ஐந்து வயதில் இருபது வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சபை முன்னால் சொன்னாள். பெரியவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். இப்படிப்பட்ட பிள்ளை படிப்பில் புலியாகத்தான் இருக்கும் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

பள்ளிக்கூடத்தில் புலி இல்லை. அது பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளி, தவசிமுத்து காலை நாலு மணிக்கு வரிசையில் நின்று அப்ளிகேஷன் வாங்கிய இடம். இரண்டாம் வகுப்பு வரை ஜெஸ்லின் வாயால் சொல்லியே தேறிவிட்டாள். மூன்றாம் வகுப்பில் மாட்டிக்கொண்டாள். போர்டில் இருக்கிற நாலு வரியை நோட்டில் எழுத அவளுக்கு ஒரு பீரியட் முழுதும் போதவில்லை. இங்கிலீஷில்தான் தகராறு என்றால் தமிழிலும் அதே கதை. கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாய் கிழியப் பேசுகிறாள், எழுதச் சொன்னால் சோம்பல் என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள்.

தவசிமுத்து டியூஷன் வைத்தார். அந்த டியூஷன் மிஸ் தப்பாக எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் ஐம்பது தடவை எழுதச் சொல்வார். ஒரு நாள் சாயங்காலம் தங்கபுஷ்பம் அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஒரே வார்த்தை ஐம்பது தடவை எழுதியிருந்தது. அந்த ஐம்பதில் நாலு விதம். பிள்ளையின் நடுவிரலில் பென்சில் அழுத்திய இடம் சிவந்து வீங்கியிருந்தது. சோம்பேறிப் பிள்ளை ஐம்பது தடவை எழுதுமா என்று தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்குத்தான் தோன்றியிருக்கிறது. டியூஷன் மிஸ்ஸுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், எனக்கும் தோன்றாத கேள்வி அது.

கடையில் மிளகாய் காம்பு கிள்ள வரும் கன்னியம்மாதான் வழி சொன்னாள். "எங்க அக்கா பேரனும் இப்டித்தாம்மா இருந்துச்சு. எழுத்தப் பாத்தாலே பேஜாராயி ஓடிப்பூடும். ராயபுரத்துல ஒரு அம்மா கீறாங்க. அவங்களாண்ட போயி இப்போ பஸ்ஸு போர்டெல்லாம் படிச்சுகினு வருது" என்றாள். மறுநாளே தங்கபுஷ்பம், கடைக்குத் தெரியாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் அவள் ராயபுரம் வரை போனது அதுதான் முதல் தடவை.

ராயபுரத்தில் அந்த அம்மாவின் பெயர் ஐரீன். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐரீன் பதினைந்து வருஷம் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனியாகப் படித்து, ஒரு பழைய வீட்டின் மாடியில் வகுப்பு நடத்துகிறார். மொத்தம் பத்துப் பிள்ளைகள். இரண்டு வருஷம் முழு நேரமும் அங்கே படித்துவிட்டு மறுபடி சாதாரணப் பள்ளிக்குப் போய்விடலாம். தட்டில் ரவையைக் கொட்டி விரலால் எழுத்துப் போடுகிறார்கள். ஒரு பிள்ளை உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவிக்கொண்டே அதன் சத்தத்தைச் சொல்கிறது. இன்னொன்று வார்த்தையைத் துண்டு துண்டாகக் கைதட்டிப் பிரிக்கிறது. சிவப்பு மையே அந்த இடத்தில் கிடையாது. யாரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லக்கூடாது என்பது ஐரீன் போட்ட சட்டம்.

ஐரீன் இரண்டு காலை வேளை ஜெஸ்லினோடு உட்கார்ந்தார். பரிசோதனை செய்கிற டாக்டரம்மாவிடமும் அனுப்பினார். பிறகு தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கொழந்தைக்கு மூளையில ஒரு கொறையும் இல்லம்மா. காதுல வுழுந்தா அப்டியே புடிச்சுக்குது. எழுத்தப் பாத்து சத்தமா மாத்தறதுலதான் அதுக்குக் கஷ்டம் கீது. அதத் தனியா, மெதுவா சொல்லிக் குடுத்தா வந்துரும். இப்போ எட்டு வயசு. இன்னும் ரெண்டு வருஷம் இப்டியே வுட்டீங்கன்னா, தான் மக்குன்னு அதுவே நம்பிடும். அப்புறம் நான் எழுத்து சொல்லிக் குடுக்கறதா, அந்த நெனப்ப மாத்தறதா?"

ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அப்பா அம்மா இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டால் இடம் ஜெஸ்லினுக்கு, இல்லையென்றால் வரிசையில் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு என்றார் ஐரீன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கபுஷ்பம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். தவசிமுத்து கெட்டவர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் ஸ்பெஷல் ஸ்கூல் என்ற சொல்லைக் கேட்டதும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஸ்பெஷல் என்றால் என்ன ஸ்பெஷல், ஸ்பெஷல் தோசையா என்று கேட்டாராம். நாளைக்குச் சொந்தக்காரன் கேட்டால் என்ன சொல்வது, பெண் பிள்ளை, பிறகு யார் வந்து பெண் கேட்பான் என்றெல்லாம் அடுக்கினாராம். எட்டு வயதுப் பிள்ளையின் கல்யாணக் கவலை. எங்கள் ஆட்களைச் சும்மா சொல்லக்கூடாது, கவலைப்படுவதில் எப்போதும் பதினைந்து வருஷம் முன்னால் ஓடுவார்கள்.

கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். அந்த முடிவுக்குக் காரணம் நான்தான்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் ஆலயத்தில் பாலர் ஞாயிறு கொண்டாடுவோம். அன்றைக்கு ஆராதனையில் வேதபாடத்தை ஒரு பிள்ளைதான் பெரிய புத்தகத்திலிருந்து வாசிக்கும். அதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. இந்த வருஷம் யோசிக்கவே இல்லை, ஜெஸ்லின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டு வசனம். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பனும், அதற்குப் பின்னால் வரும் பகுதியும். ஐரீன் குறித்துக் கொடுத்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் அந்த ஞாயிறு.

"ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால எம்புள்ள வாசிக்கட்டும்" என்றார் தவசிமுத்து. "வாசிச்சிட்டாள்னா இந்த ராயபுரம் பேச்சையே எடுக்கக்கூடாது. வாசிக்கலன்னா நீ சொல்லுதபடி கேக்கேன்."

தங்கபுஷ்பம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். எப்போதும்போல வாயால் சொல்லிக்கொடுத்தால் ஜெஸ்லின் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிவிடுவாள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ராயபுரத்தில் இருக்கும் இடம் போய்விடும். சொல்லிக்கொடுக்காமல் விட்டால் இடம் கிடைக்கும். ஆனால் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பெரிய புத்தகத்துக்கு முன்னால் ஊமையாக நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். வேறு பிள்ளையை வாசிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஏன் என்றேன். ஜெஸ்லினுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள், என் முகத்தைப் பார்த்ததும் தொண்டை கட்டியது அவளுக்குத்தான். நான் என்ன செய்தேன்? அவளை உட்காரக்கூடச் சொல்லாமல், மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடு என்றேன். மற்ற வீட்டில் இந்த வாய்ப்புக்குத் தவம் கிடக்கிறார்கள், நீ என்னவென்றால் வேண்டாம் என்கிறாயே என்று வேறு சொன்னேன். அவள் சரிக்கா என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

சனிக்கிழமை மதியம் வரை அவள் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் முறத்தோடு உட்கார்ந்தபோது ஜெஸ்லின் தானாக வந்து எதிரே சம்மணம் போட்டாள். நாளைக்கு உள்ளதைச் சொல்லித் தாம்மா என்றாள். தங்கபுஷ்பம் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நகர்ந்து வந்து அவள் முழங்காலைத் தொட்டு மறுபடி கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேங்க்கா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள் தங்கபுஷ்பம். "வசனந்தான் வந்துச்சு."

எட்டு மணிக்குள் பதினெட்டும் பிள்ளைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. வெளியே கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அதையெல்லாம் மீறி ஜெஸ்லினின் குரல் கேட்டது. வெள்ளைக் கவுன், இரட்டைச் சடை, குட்டி ஸ்டூல் மேல் நின்றுகொண்டு புத்தகத்தில் விரலை வைத்து வாசித்தாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். ஆடு கிடைத்த இடம் வந்தபோது குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. நான் பூரித்துப் போனேன். தவசிமுத்து ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்தார். தங்கபுஷ்பமும் தூணுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் பெரிய கெட்டிக்காரி.

ஆராதனை முடிந்து முற்றத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஆளாளுக்கு ஜெஸ்லினின் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆயர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். தவசிமுத்து மகளைக் கையில் பிடித்தபடி நானும் தங்கபுஷ்பமும் நின்ற இடத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த ராயபுரத்து டீச்சருக்கு இப்போதே போன் போட்டு, எங்களுக்கு இடம் வேண்டாம், வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடு என்றார். தன் போனையே எடுத்து நீட்டினார்.

தங்கபுஷ்பம் போனை வாங்கவில்லை.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்றாள்.

சத்தமாகவே சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு வருஷத்தில் அவள் குரலை அவர்கள் கேட்பது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"நேத்து சாயங்காலம் நாந்தான் வாயால சொல்லிக் குடுத்தேன். மூணு வருஷமா அப்படித்தான். அவ ஒரு எழுத்தும் பாத்து வாசிக்கல. எனக்கு அந்த இடம் வேணும். நாளைக்கு நீங்க வந்து கையெழுத்துப் போடணும்."

தவசிமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. தன் பிடிவாதத்துக்காக, பெற்ற பிள்ளையையே சபை முன்னால் குறைசொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ராத்திரியில் பதினெட்டு வசனமா, அதெல்லாம் நடக்கிற காரியமா என்று நான் வேறு எடுத்துக்கொடுத்தேன். இதோ இப்போதே பார்த்துவிடலாம் என்று அவர் ஜெஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

உள்ளே யாரும் இல்லை. ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்புரோஸ் மட்டும் ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திக்கொண்டிருந்தார். தவசிமுத்து மகளைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்தினார். காலையில் வாசித்ததை அப்பாவுக்காக இன்னொரு தடவை வாசி என்று பாசமாகத்தான் சொன்னார்.

ஜெஸ்லின் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பக்கத்தின் மேலே விரலை வைத்துத் தொடங்கினாள். அதே குரல், அதே நிறுத்தம். மேய்ப்பன் ஆட்டைத் தேடிக் கிளம்பினான். தவசிமுத்து முதலில் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் அவள் விரல் போகிற வரியைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

ஃபேன் சுவிட்சுகளுக்குப் பக்கத்திலிருந்து அம்புரோஸ் குரல் கொடுத்தார். "சார், அது சாய்ந்தர ஆராதனைக்கு மாத்தி வச்ச பக்கம் சார். காலைல படிச்சது வேற. இருங்க, திருப்பித் தரேன்."

ஜெஸ்லின் நிறுத்திவிட்டாள். அவள் விரல் ஏதோ இரண்டு ராஜாக்கள் சண்டை போடுகிற வரியின் மேல் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஆடும் இல்லை, மேய்ப்பனும் இல்லை.

மூன்று வருஷம், மூன்று பரிசு. இந்தப் பிள்ளையின் கையில் ஒரு தடவைகூடப் புத்தகத்தைக் கொடுத்து, எங்கே இந்த வரியைக் காட்டு என்று நான் கேட்டதில்லை.

பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விரலை மெதுவாகப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கவுனில் துடைத்துக்கொண்டாள். எவ்வளவோ நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிறவள்போல அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, வேதத்து மேல கைய வச்சிக்கிட்டு வாசிக்க மாதிரி ஏமாத்துனா பாவம்தானப்பா?"

ஓய்வுநாள் பாடசாலையில் பொய் பாவம் என்று வாரா வாரம் சொல்லிக்கொடுக்கிற நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். ஒவ்வொரு தடவை கைதட்டல் வாங்கும்போதும் ஜெஸ்லின் இந்தப் பயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். மக்கு என்று நினைத்துக்கொள்வாள் என்றுதான் ஐரீன் பயந்தார். இவள் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் முன்னால் வந்து மகளை ஸ்டூலிலிருந்து இறக்கினாள்.

"உனக்குப் பாவமில்லட்டி. தெரியலன்னு சொல்ல உனக்கு நாங்க யாரும் எடம் குடுக்கல. அது எங்க மேல உள்ளது" என்றாள்.

தவசிமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர், கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். முற்றத்தில் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று இரண்டு பேர் வாசலில் தலையை நீட்டினார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். அவளுடைய வலது கையை எடுத்து, நடுவிரலில் பென்சில் காய்த்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

பிறகு வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி மனைவியிடம் கேட்டார்.

"ராயபுரத்துக்கு நாளைக்கு எத்தன மணிக்குப் போணும்?"

"ஒம்பது மணிக்கு அங்க இருக்கணும்" என்றாள் தங்கபுஷ்பம்.